டோக்கியோவா, சியோலா? இரண்டிலும் குடித்தனம் நடத்தியவன் சொல்வது

ஒரு தம்பி கேட்டிருந்தார்: டோக்கியோவிலிருந்தும் சியோலிலிருந்தும் ஒரே மாதத்தில் வேலை வந்திருக்கிறது. சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான். மனைவி சுத்த சைவம், மகளுக்கு ஐந்து வயது. சுற்றிப் பார்க்க எது நல்ல ஊர் என்று கேட்கவில்லை, அன்றாடம் குடித்தனம் நடத்த எது சுலபம்?

நான் டோக்கியோவில் ஆறு வருடமும் சியோலில் நான்கு வருடமும் குப்பை கொட்டியவன். வார்த்தைக்கு வார்த்தை உண்மை. அந்தக் குப்பைக்குப் பிறகு வருகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிடித்த ஊர் சியோல். உங்களுக்கு நான் சொல்லும் ஊர் டோக்கியோ. ஏன் என்பதுதான் இனி வருவது.

அளவில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். சியோல் நகரம் 605 சதுர கிலோமீட்டர், மக்கள் 90 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். டோக்கியோவின் 23 வட்டங்களைச் சேர்த்தால் 627 சதுர கிலோமீட்டர், மக்கள் கிட்டத்தட்ட 97 லட்சம். இரண்டிலும் சோறு, ரயில், தெருமுனைக்கு ஒரு 24 மணி நேரக் கடை, நடுராத்திரியில் தனியாக நடந்து வீட்டுக்குப் போகிற பெண்கள். ஒரு வாரம் தங்கிவிட்டு வருகிறவர்கள் இரண்டும் ஒன்றுதான் என்பார்கள். ஒரு வருடம் இருந்தால்தான் தெரியும்: டோக்கியோவில் எதற்கும் முன்னேற்பாடு வேண்டும், சியோலில் எதற்கும் அப்போதைக்கு ஒரு வழி பிறக்கும். கொரியர்கள் வாய்க்கு வாய் 'பல்லி பல்லி' என்பார்கள். 'சீக்கிரம், சீக்கிரம்' என்று அர்த்தம். வந்த புதிதில் அலுவலகத்தில் யாரோ பின்னாலிருந்து அப்படிச் சொன்னபோது நான் சுவரைத்தான் பார்த்தேன்.

வீட்டிலிருந்து தொடங்குவோம். டோக்கியோவில் வாடகை வீடு எடுக்கப் போனால் முன்பணம், தரகர் கூலி, உத்தரவாதக் கம்பெனிக்குக் கட்டணம் எல்லாம் போக, 'ரெய்கின்' என்று ஒன்று கேட்பார்கள். வீட்டைக் கொடுத்ததற்காக வீட்டுக்காரருக்கு நாம் தரும் நன்றிக் காணிக்கை அது, திரும்பி வராது. எல்லாம் சேர்த்து முதல் மாதமே நாலைந்து மாத வாடகை கையை விட்டுப் போகும். பணத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் முன்னாலேயே தரகர் ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் போன் போட்டு, 'வெளிநாட்டவர்தான், ஆனால் நன்றாகப் பேசுகிறார்' என்று குனிந்து குனிந்து சொன்னார். ஏழு வீட்டில் நாலு வீடு போனிலேயே கைவிட்டுப் போயிற்று. அவர் முகம் மாறாமல் அடுத்த எண்ணை அழுத்தினார். எனக்குத்தான் டீ இறங்கவில்லை.

இதற்கு ஒரு மாற்று உண்டு, உங்கள் காதில் போட்டுவைக்கிறேன். 'யூஆர்' என்று அரசு சார்ந்த குடியிருப்புகள் இருக்கின்றன. ரெய்கின் இல்லை, தரகர் இல்லை, உத்தரவாதம் போட ஆள் வேண்டாம். வருமானக் கணக்கைக் காட்டினால் போதும். எடோகாவா வட்டத்தில் நிஷி-கசாய் பக்கம் நம்மவர்கள் திரண்டதற்கு இந்தக் குடியிருப்புகளும் ஒரு காரணம். 2000-ஆம் ஆண்டுக் கணினிப் பிரச்சினையைச் சரிசெய்ய வந்த மென்பொருள்காரர்கள் போட்ட விதை அது. இன்று அங்கே மளிகைக் கடை, இந்தியப் பள்ளி, தோசை எல்லாம் நடந்து போகிற தூரத்தில். ஒரே ஒரு விஷயம்: அந்த வட்டத்தில் பெரும்பகுதி, ஓதம் ஏறும்போது கடல் நிற்கிற மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 2019-இல் வட்ட நிர்வாகமே வெளியிட்ட வெள்ள அபாய வரைபடத்தின் அட்டையில் 'இங்கே இருக்கக் கூடாது' என்று எழுதியிருந்தது. தன் மக்களிடம் இவ்வளவு நேராகப் பேசும் நகராட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆகவே மேல் மாடியாகப் பாருங்கள். கட்டடம் 1981-க்குப் பிந்தியதா என்றும் கேளுங்கள். அந்த ஆண்டு ஜூனில்தான் நிலநடுக்கத்துக்கான கட்டட விதிகளை இறுக்கினார்கள்.

சியோலில் வீடு பிடிப்பது வேறு கூத்து. அங்கே 'ஜொன்செ' என்று ஒரு முறை. நம் ஊரில் ஒத்திக்கு வீடு பிடிப்பதும் சென்னையில் 'லீசுக்கு' எடுப்பதும் என்னவோ, அச்சு அசல் அதுதான். 50 கோடி வொன் பெறுமான வீட்டுக்கு 30 கோடி வொன் மொத்தமாகக் கொடுத்துவிட்டால் இரண்டு வருடத்துக்கு வாடகை கிடையாது, காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்ப வரும். உலகத்தில் வேறெங்கும் இல்லாத முறை என்று கொரிய நண்பர்கள் பெருமையாகச் சொல்வார்கள். மதுரையில் என் அத்தை முப்பது வருடமாக ஒத்தி வீட்டில் இருக்கிறார் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். பணம் திரும்ப வருமா என்பதுதான் இரண்டு ஊரிலும் சிக்கல். 2022-க்குப் பிறகு அங்கே ஜொன்செ மோசடி பெரிதாக வெடித்தது. பலரிடம் வாங்கிய பணத்தை வைத்து வீட்டு மேல் வீடாக வாங்கிய ஆட்கள் கைவிரித்துவிட, இளம் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. நீங்கள் போனால் 'வொல்செ' எடுங்கள்: கொஞ்சம் முன்பணம், மாதாமாதம் வாடகை. குடிவந்த அன்றே வட்டார அலுவலகத்தில் முகவரியைப் பதிந்து, ஒப்பந்தத்தில் தேதி முத்திரையும் வாங்கிவிடுங்கள். வீடு ஏலத்துக்குப் போனால் வரிசையில் நம்மை முன்னால் நிறுத்துவது அந்த முத்திரைதான். வாடகை மலிவு என்று பாதி நிலத்தடி வீட்டுக்கு மட்டும் போகாதீர்கள். 2022 ஆகஸ்ட் மழையில் அப்படி ஒரு வீட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் வெளியேற முடியாமல் இறந்தார்கள்.

சரி, வீட்டுக்குள் வாருங்கள். இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்குக் காட்டியது இட்லி மாவு.

ஊரிலிருந்து கொண்டுபோன மிக்ஸி டோக்கியோவில் ஓடாது. அங்கே மின்சாரம் 100 வோல்ட். சுவிட்சைப் போட்டால் மிக்ஸி ஏதோ முனகும், உளுந்து சிரிக்கும். அதற்கென்று ஒரு மின்மாற்றி வாங்க வேண்டும், அது மிக்ஸியைவிடக் கனம். சியோலில் 220 வோல்ட். பிளக்குக்கு ஒரு அடாப்டர் மாட்டினால் முதல் நாளே சட்னி. அரைத்த மாவு பொங்க வேண்டுமே! டோக்கியோவின் குளிர் ஒன்றும் பிரமாதமில்லை, உறைநிலைக்கு மேலேதான் பெரும்பாலும் நிற்கும். ஆனால் அந்தக் குளிர் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும். சுவர் மெல்லியது, ஜன்னல் பல வீடுகளில் ஒற்றைக் கண்ணாடி. இருக்கிற அறையை மட்டும் ஏசியில் சூடாக்கிக்கொண்டு, அடுப்படிக்குப் போகும்போது ஸ்வெட்டர் போட்டுக்கொள்வதுதான் அங்கே வழக்கம். முதல் ஜனவரியில் மாவு இரண்டு நாள் அப்படியே கல்லாக இருந்தது. பிறகு 'கொதாட்சு' வாங்கினோம். அது ஒரு குட்டை மேசை, அடியில் சின்ன ஹீட்டர், மேலே மெத்தையைப் போட்டு மூடியிருக்கும். ராத்திரியில் அதன் ஒரு மூலையில் என் கால், மறு மூலையில் மாவுப் பாத்திரம். நான் தூக்கத்தில் உதைத்துவிடக் கூடாது என்று மனைவி நடுவில் ஒரு தலையணையை வைப்பாள்.

சியோலில் வெளியே பத்து டிகிரி உறைநிலைக்குக் கீழே போகும், மூக்கு முடி உறையும். ஆனால் வீடு முழுக்கத் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது. 'ஒன்தோல்' என்பார்கள். அந்தக் காலத்தில் அடுப்புப் புகையைத் தரைக்கு அடியில் விட்டார்கள், இன்று பாய்லர். ஜனவரி ராத்திரியில் மாவுப் பாத்திரத்தைத் தரையில் வைத்தேன். காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து, வழிந்தது தரைச் சூட்டில் அப்பளமாகக் காய்ந்து கிடந்தது. கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டி வந்தார், திறந்த கதவுக்குள் தலையை நீட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். புளித்த வாசனையை முகர்ந்துவிட்டுத் தலையாட்டினார். அவர் சின்ன வயதில் நேரம் கழித்து வரும் அப்பாவுக்காகச் சோற்றுக் கிண்ணத்தைப் போர்வையில் சுற்றி, தரையில் சூடான இடமாகப் பார்த்து வைப்பார்களாம். அன்றைக்கு அவருக்கு நாலு இட்லி கொடுத்தேன். சாயங்காலம் ஒரு டப்பா கிம்ச்சி, அவர்கள் ஊர் முட்டைக்கோஸ் ஊறுகாய், வந்தது. டோக்கியோவில் ஆறு வருடத்தில் என் பக்கத்து வீட்டுக்காரருக்கும் எனக்கும் நடந்த பேச்சு மொத்தத்தையும் ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். நல்ல மனிதர்தான். குடி வந்த அன்று நான் கொடுத்த துண்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். குடிவருபவர்தான் அங்கே பரிசு கொடுக்க வேண்டும், அதுவும் முன்னேற்பாடு.

ஒன்தோல் சுகத்துக்குக் குளிர்கால எரிவாயு பில்லில் பதில் வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது குப்பை. டோக்கியோவில் எந்தக் கிழமை எந்தக் குப்பை என்று வட்டத்துக்கு வட்டம் அட்டவணை. எரிகிற குப்பை வாரம் இரண்டு நாள், எரியாதது மாதம் இரண்டு முறை, பாட்டிலுக்கும் காகிதத்துக்கும் தனித் தனி நாள். காலை எட்டு மணிக்குள் வைத்துவிட்டு, காக்கை கொத்தாமல் மேலே வலை போட வேண்டும். தப்பாக வைத்தால் பையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அங்கேயே விட்டுப் போவார்கள், தெருவே பார்க்கும். கால் ஒடிந்த ஒரு நாற்காலியைத் தூக்கிப்போட நான் போன் செய்து தேதி வாங்கி, கடையில் கட்டண ஸ்டிக்கர் வாங்கி ஒட்டி, இரண்டு வாரம் அதைச் சுற்றி நடந்திருக்கிறேன். சியோலில் கிழமைக் கெடுபிடி குறைவு, காசுக் கெடுபிடி அதிகம். 1995 முதல் நகராட்சிப் பையைக் காசு கொடுத்து வாங்கி அதில்தான் குப்பையைக் கட்ட வேண்டும். குப்பை பெருத்தால் செலவும் பெருக்கும். சாப்பாட்டுக் கழிவுக்குத் தனித் தொட்டி. அடுக்ககங்களில் அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும், கொட்டினால் எடை போட்டுக் கணக்கில் ஏற்றும். இங்கே நம் சமையலுக்கு ஒரு பரீட்சை உண்டு. வெங்காயத் தோல், முட்டை ஓடு, மாங்கொட்டை இதெல்லாம் சாப்பாட்டுக் கழிவில் சேராது. கழிவைத் தீவனமாக்குகிறார்களே, பன்றி கோழி தின்ன முடியாதது அதில் போகக் கூடாது. சாம்பார் வைத்த நாளெல்லாம் தொட்டி முன்னால் நின்று முருங்கைச் சக்கை எந்தச் சாதி என்று யோசித்திருக்கிறேன்.

பார்சலில் பார்த்தால் குணம் இன்னும் பளிச்சென்று தெரியும். டோக்கியோவில் கூரியர்காரர் இரண்டு மணி நேர இடைவெளியாக நாம் குறித்துக்கொடுத்த நேரத்துக்குள் வருவார், பிசகாது. நாம் வீட்டில் இல்லையென்றால் ஒரு சீட்டு. மறுபடி நேரம் குறிக்க வேண்டும். கதவடியில் வைத்துவிட்டுப் போகும் வழக்கம் இப்போதுதான் பரவுகிறது. சியோலில் யாரும் எதையும் குறிப்பதில்லை. ராத்திரி பதினோரு மணிக்குள் பால், கீரை, தோஃபு என்று ஆர்டர் போட்டால் விடிகாலை ஏழுக்குள் வாசலில் இருக்கும், போனில் படமும் வந்திருக்கும். வாசலில் கிடப்பதை யாரும் தொடுவதுமில்லை. ஹான் நதிக்கரைப் பூங்காவில் பாயை விரித்து உட்கார்ந்தால் அங்கேயும் சாப்பாடு வரும், அதற்கென்று இடமே குறித்து வைத்திருக்கிறார்கள். இந்த வசதிக்கு யாரோ ராத்திரி முழுக்க ஓடுகிறார்கள் என்பது எனக்கு உறுத்தும். மறுநாள் தோசைக்கு வெங்காயம் இல்லை என்றால் அந்த உறுத்தல் மறந்துவிடும், ஒப்புக்கொள்கிறேன்.

போக்குவரத்தில் இரண்டு ஊரையும் குறை சொல்ல வாய் வராது. டோக்கியோவில் 1927-லேயே சுரங்க ரயில் ஓடத் தொடங்கிவிட்டது, சியோலில் 1974-இல். ஆனால் டோக்கியோவின் ரயில் ஒரே ஆளுடையது இல்லை. இரண்டு சுரங்க ரயில் நிறுவனங்கள், பழைய அரசு ரயில்வேயின் வாரிசான ஜேஆர், அப்புறம் டோக்யூ, ஒதாக்யூ, கெய்யோ என்று தனியார் பாதைகள். ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறினால் கட்டணம் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்கும். அட்டை ஒன்றுதான், கழிவது மூன்று இடத்தில். நல்லவேளையாக அலுவலகம் போய்வரும் செலவைப் பெரும்பாலும் கம்பெனியே தந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்பும்போதுதான் சுடும். சியோலில் 2004 சீர்திருத்தத்துக்குப் பிறகு பேருந்தும் ரயிலும் ஒரே கணக்கு. இறங்கி அரை மணி நேரத்துக்குள் அடுத்ததில் ஏறினால் அடிப்படைக் கட்டணம் மறுபடி விழாது, மொத்தத் தூரத்துக்குத்தான் காசு. 2025 ஜூனில் ரயிலின் அடிப்படைக் கட்டணத்தை 1,550 வொன்னாக ஏற்றினார்கள். அப்போதும் டோக்கியோ சுரங்க ரயிலின் 180 யென்னைவிடக் கீழேதான்.

பேருந்தில் ஓட்டுநரின் குணம் வேறு. டோக்கியோவில் 'வண்டி புறப்படுகிறது, தயவுசெய்து பிடித்துக்கொள்ளுங்கள்' என்று ஒலிபெருக்கியில் சொல்லி, ஒரு மூச்சு விட்டு, பிறகுதான் நகர்த்துவார். சியோலில் நம் கால் படிக்கு மேலே வந்த கணமே வண்டி பறக்கும். நம் தனியார் பஸ்ஸில் தொங்கிப் பழகியவர்களுக்கு ஊர் ஞாபகம் வரும். நள்ளிரவைத் தாண்டியதும் இரண்டு ஊரிலும் ரயில் நின்றுவிடும். சியோலில் 2013 முதல் ஆந்தைப் பேருந்து ஓடுகிறது. நள்ளிரவுக்கு மேல் எந்தப் பகுதியில் கைபேசி அழைப்பு அதிகம் என்று பார்த்துத் தடம் போட்டார்கள். டாக்சியும் கையைக் கடிக்காது. டோக்கியோவில் ஏறியதும் 500 யென், சியோலில் 4,800 வொன், இரண்டும் ஏறக்குறைய ஒரே மதிப்பு என்று ஏமாந்துவிடாதீர்கள். மீட்டர் ஓடுகிற வேகத்தில்தான் வித்தியாசம். பத்து கிலோமீட்டருக்கு டோக்கியோவில் 4,000 யென் அளவுக்கு ஆகும், சியோலில் நெரிசல் இல்லாவிட்டால் அதில் மூன்றில் ஒரு பங்கு. டோக்கியோவில் கடைசி ரயிலைத் தவறவிட்டவர்கள் விடியும்வரை இணையக் கடையில் உட்கார்ந்திருப்பது சும்மா இல்லை.

உங்கள் மனைவியின் சாப்பாடு. இரண்டுமே சைவத்துக்குக் கஷ்டமான ஊர்கள்தான், கஷ்டத்தின் வகை வேறு. டோக்கியோவில் எல்லாக் குழம்புக்கும் அடியில் 'தாஷி' என்கிற கருவாட்டுச் சாறு. சியோலில் நெத்திலி போட்டுக் கொதித்த சாறு, கிம்ச்சிக்குள் இறால் ஊறுகாய். இரண்டு ஊரிலும் 'இறைச்சி வேண்டாம்' என்று சொன்னால் இறைச்சியை மட்டும்தான் விடுவார்கள்; மீனும் ஹாமும் அந்தக் கணக்கில் வராது. டோக்கியோவில் 'இதில் அதை எடுத்துவிட முடியுமா' என்று கேட்டால் பரிமாறுபவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, உண்மையான வருத்தத்தோடு முடியாது என்பார். பட்டியலில் உள்ளது உள்ளபடிதான். சியோலில் கேட்டால் சமையற்காரம்மாவே வெளியே வருவார், உங்களை மேலும் கீழும் பார்ப்பார், 'பிறகு எப்படித் தெம்பு வரும்' என்று திட்டுவார், அப்புறம் முட்டையையும் இறைச்சியையும் எடுத்துவிட்டுக் கீரையை இரண்டு பங்கு போட்டு பிபிம்பாப் என்கிற காய்கறிக் கலவைச் சோற்றைக் கொண்டுவருவார். கூட வரும் சூப்பில் நெத்திலி இருக்கும், அது வேறு விஷயம். பக்க உணவுகளைக் கேட்கக் கேட்கக் காசில்லாமல் நிரப்புவதும் அங்கேதான். ஆனால் ஆள் தனியாகப் போனால் சில கடைகளில் 'இரண்டு பேருக்குக் குறையாமல்தான்' என்பார்கள். டோக்கியோவில் தனியாகச் சாப்பிடுபவர் யாருக்கும் பொருட்டே இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இயந்திரத்தில் சீட்டு எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு வரலாம். மனசு சரியில்லாத நாட்களில் அது பெரிய வரம்.

வீட்டுச் சமையல் என்றால் டோக்கியோதான் ஒரு படி மேல். நிஷி-கசாயும், ஷின்-ஓகுபோவின் மசாலாச் சந்தும் போதும், பெருங்காயத்திலிருந்து கடலைமாவு வரை கிடைக்கும். சியோலில் இதற்கு இத்தேவோன் மசூதிப் பக்கம் ஏற வேண்டும், ஏற்றம் என்றால் நிஜமாகவே ஏற்றம். இரண்டு நாடுமே உள்ளூர் அரிசியைக் கட்டிக் காக்கும் நாடுகள், பொன்னி அரிசிக்குக் கொஞ்சம் அழுதுதான் ஆக வேண்டும். ஒட்டிக்கொள்ளும் உள்ளூர் அரிசியும் மலிவில்லை. ஜப்பானில் 2025-இல் ஐந்து கிலோ 4,000 யென்னைத் தாண்டி, அரசு கையிருப்பு அரிசியைக் கடைக்கு விடும் நிலை வந்தது.

மொழியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் பாதி வாழ்க்கை. கொரிய எழுத்து 24. ஒரு வார இறுதியில் படித்துவிடலாம், திங்கட்கிழமை கடைப் பலகையெல்லாம் வாசிக்க வரும். ஜப்பானில் இரண்டு அசைவரிசைகளை முடித்த பிறகும், பத்திரிகை வாசிக்க 2,136 சித்திர எழுத்துகள் வரிசையில் நிற்கும். பேச்சிலோ இரண்டும் நமக்கு அண்டை வீடு: வினை கடைசியில், உருபு பெயருக்குப் பின்னால், மரியாதைக்கு விகுதி. தமிழில் நினைத்தபடியே வார்த்தையை மாற்றிப் போட்டால் முக்கால் வாசி சரியாக வரும். கொரியத்தில் அப்பாவுக்கு 'அப்பா' என்றே பெயர். அதை வைத்துக்கொண்டு தமிழ் இளவரசி கப்பலில் போனாள் என்று நம் ஆட்கள் அனுப்பும் செய்திகளை மட்டும் அலுவலகத்தில் எடுத்துவிடாதீர்கள். மொழியியல்காரர்கள் ஒப்பும் உறவு அது இல்லை.

எனக்கு சியோல் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் அந்த 'அப்பா' இல்லை, 'இமோ'. அம்மாவின் சகோதரியைக் கூப்பிடும் சொல் அது. சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் அம்மாவை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நாம் பஸ்ஸில் முன் சீட்டுக்காரரை 'அண்ணா' என்பது போல. அறிமுகமான ஐந்தாம் நிமிடத்தில் வயதைக் கேட்பார்கள். அண்ணனா தம்பியா என்று தெரியாமல் எந்தச் சொல்லில் பேசுவது? டோக்கியோவில் எல்லாருக்கும் ஒரே 'சுமிமாசென்'தான். மன்னிக்கவும், கொஞ்சம் கவனியுங்கள், நன்றி, மூன்றும் அந்த ஒரு சொல்லில். யாரும் உங்கள் வயதை, சம்பளத்தை, ஏன் இன்னொரு குழந்தை இல்லை என்பதைக் கேட்க மாட்டார்கள். சியோலில் என் மனைவியிடம் இந்தக் கேள்வியை லிஃப்டில் கேட்டிருக்கிறார்கள். அவள் டோக்கியோ கட்சி என்று சொல்லவும் வேண்டுமா?

அப்படியே உங்கள் மகளிடம் வருகிறேன், என் முடிவுக்குக் காரணமே அவள்தான். டோக்கியோவின் 23 வட்டங்களில் 2023 ஏப்ரல் முதல் 18 வயது வரைக்கும் பிள்ளைகளின் மருத்துவச் செலவில் காப்பீடு போக நம் பங்காக வருவதையும் நகரமே கொடுத்துவிடுகிறது. டோக்கியோ பெருநகர அரசு அதே வயது வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதம் 5,000 யென் கணக்கிட்டுத் தருகிறது. விண்ணப்பம் போட வேண்டும்தான், முன்னேற்பாடு என்றேனே. ஆறு வயதுப் பிள்ளைகள் முதுகில் தோல் பை, அதில் தொங்கும் ஆபத்து மணியோடு தனியாக நடந்து பள்ளிக்குப் போவார்கள். மாலையில் வட்டத்து ஒலிபெருக்கியில் இசை வந்ததும் மைதானம் காலியாகும். சிறு பிள்ளை உள்ள அம்மாக்கள் முன்னும் பின்னும் இருக்கை வைத்த சைக்கிளில் ஊரையே சுற்றுவார்கள், கிழக்கு டோக்கியோ சமதரை. சியோலிலும் பிள்ளைகளைக் கொஞ்சுவார்கள், தெருவில் போகும் பாட்டிகள் கையில் மிட்டாயைத் திணிப்பார்கள். ஆனால் பள்ளி விட்டதும் குழந்தை 'ஹாக்வொன்' என்கிற தனிப்பயிற்சிக்குப் போகும், ஒன்று முடிந்து இன்னொன்று. ராத்திரி பத்து மணிக்கு மேல் வகுப்பு நடத்தக் கூடாது என்று நகரமே விதி போட வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் விளையாடத் துணை தேடினால் கூட்டாளிகளெல்லாம் டியூஷனில் இருப்பார்கள். 'குழந்தைகளுக்கு அனுமதி இல்லை' என்று பலகை மாட்டிய காப்பிக் கடைகளையும் அங்கே பார்த்திருக்கிறேன். 2024-இல் சியோலில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தை 0.58, டோக்கியோவும் 0.96 தான், பீற்றிக்கொள்ள முடியாது, ஆனால் தெருவில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

பயங்களும் ஊருக்கு ஏற்றபடி. டோக்கியோவில் எல்லாப் போனும் ஒன்றாக அலறி, நாலு நொடியில் தரை ஆடும். கதவருகே தண்ணீர், டார்ச், செருப்பு வைத்த பை ஒன்று எப்போதும் இருக்கும். சியோலில் தரை ஆடாது, போன் மட்டும் அலறும்: வெயில், தூசி, காணாமல் போன முதியவர் என்று நாளுக்கு ஒன்று. 2023 மே 31 காலையில் வடகொரியா ராக்கெட் விட்டபோது நகரம் முழுவதற்கும் 'வெளியேறத் தயாராகுங்கள்' என்று செய்தி போய், கொஞ்ச நேரத்தில் தவறுதலாக வந்தது என்று இன்னொன்று வந்தது. பெரும்பாலானவர்கள் இரண்டையும் படித்துவிட்டு ஆபீசுக்குப் போனார்கள்.

சியோலில் ஒன்றை மட்டும் டோக்கியோவால் ஈடுகட்ட முடியாது, மலை. ரயிலைவிட்டு இறங்கி நடந்தால் புகான்சான், உச்சி 836 மீட்டர். ஞாயிறு காலையில் அறுபது எழுபது வயதுக்காரர்கள் மலையேறும் உடுப்பில் நம்மைத் தாண்டிப் போவார்கள். இறங்கி வந்ததும் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு அரிசிக் கள். 65 தாண்டியவர்களுக்கு 1984 முதல் சுரங்க ரயில் இலவசம், அதனால் ரயிலில் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்துச் சம்பாதிக்கும் தாத்தாக்களும் உண்டு. டோக்கியோவில் மலை பார்க்க ஷின்ஜுகுவிலிருந்து ஒரு மணி நேரம் தகாவோவுக்குப் போக வேண்டும்.

ஆகவே தம்பி, டோக்கியோ வேலைக்குச் சரி சொல்லுங்கள். ஜப்பானில் பள்ளி ஏப்ரலில் தொடங்குகிறது. வட்ட அலுவலகத்தில் பதிவு, பள்ளிக்கான உடல் பரிசோதனை எல்லாம் அதற்கு முன்னால் இருக்கும், ஆகவே ஜனவரிக்குள் போய்ச் சேரப் பாருங்கள். யூஆர் வீட்டை இங்கிருந்தே இணையத்தில் பார்த்துவைக்கலாம். மிக்ஸியை உங்கள் அம்மாவிடமே விட்டுவிட்டு, அங்கே 100 வோல்ட்டில் ஓடுவது ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். பச்சைக் கறிவேப்பிலையைப் பெட்டியில் ஒளிக்காதீர்கள், சான்றிதழ் இல்லாமல் விமான நிலையத்தில் விடமாட்டார்கள்.

முதல் நீள விடுமுறைக்கு சியோல் போய் வாருங்கள். டோக்கியோவின் ஹனேதா விமான நிலையத்திலிருந்து சியோலின் கிம்போவுக்கு இரண்டரை மணி நேரம்தான். ஏதாவது ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்து 'இமோ' என்று கூப்பிட்டு, பாப்பாவுக்குக் காரமில்லாமல் வேண்டும் என்று கேளுங்கள். என்ன கொண்டுவந்தார் என்று எனக்கு எழுதுங்கள்.